நடுவில் நிற்கும் நீர்

மழை குறைந்த பூமியில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விருதுநகரைச் சுற்றியுள்ள கரிசல் காட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் வெயில்தான் ஊரை ஆளும். வைகையும் தாமிரபரணியும் எட்டிப் பார்க்காத இடம். கௌசிகா நதி ஒன்று உண்டு. அதுவும் மழையை நம்பிப் பிழைக்கிற நதி.

இப்படிப்பட்ட ஊரில் நம் முன்னோர் ஒரு காரியம் செய்தார்கள். கடைவீதியின் நடுவே, கடை போட்டால் காசு கொழிக்கும் இடத்தில், ஒரு பெரிய தெப்பக்குளத்தை வைத்தார்கள். அதை ஒட்டி மாரியம்மன். சுற்றிலும் பஜார். விலை தெரிந்த மனிதர்கள், தங்கள் ஊரின் விலைமதிப்புள்ள இடத்தைத் தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் தானாகக் கைகூப்புகிறது.

விருதுநகர், விருதுபட்டி என்று வழங்கிய காலத்திலிருந்தே சந்தை ஊர். இங்கே விளைவது கொஞ்சம். வந்து இறங்குவது அதிகம். வத்தல், மல்லி, உளுந்து, துவரை, எள், பருத்தி என்று மூட்டை மூட்டையாக வரும்; விலை பேசி முடிந்ததும் வேறு ஊர்களுக்குப் புறப்பட்டுப் போகும். நாளிதழ்களில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று தனியாகவே போடுவார்கள். எங்கோ ஒரு ஊரின் மளிகைக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத்தான் தன் கடையில் பருப்புக்கு விலை சொல்வார்.

என் தகப்பனார் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர். பள்ளி விடுமுறை நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். லாரியிலிருந்து இறங்கிய சாக்கில் குத்தூசியைச் செருகி இழுப்பார்கள். அதன் குழிவில் ஒரு சிறங்கை உளுந்து வரும். முதலாளி அதை உள்ளங்கையில் பரப்பி, மெல்ல ஊதி, ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார். ஈரம் எவ்வளவு, பழசு எவ்வளவு என்பது அந்த ஒரு கடியில் அவருக்குத் தெரிந்துவிடும். கையில் மிச்சமிருக்கும் உளுந்தைக் கீழே சிந்தாமல் அதே சாக்கில் போடுவார். பிறகுதான் வாய் திறந்து விலை சொல்வார். ஒரு மணி தானியத்துக்கு அவ்வளவு கவனம் கொடுத்த மனிதர்களை அருகிலிருந்து பார்த்து வளர்ந்தது என் பாக்கியம். கவனம் என்பதே பாதி வழிபாடு என்று பின்னாளில் புரிந்துகொள்ள அது உதவியது.

கடை திறக்கும் முன் அப்பா தெப்பக்குளத்துப் பக்கம் போவார். அம்மன் சன்னிதி இருக்கும் திசையில் ஒரு கும்பிடு. பிறகு சற்று நேரம் குளத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"என்னப்பா பாக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தண்ணி எந்தப் படியில நிக்குதுன்னு பாக்கேன்யா. கடைக் கணக்கு அப்புறம். மொதல்ல இந்தக் கணக்கு."

அப்போது அது சாதாரணமான பதிலாகத்தான் பட்டது. குளத்தின் படி ஒன்று வெளியே தெரிந்தால் சுற்று வட்டாரக் கிணறுகளிலும் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துத்தான் அம்மா வீட்டில் குடங்களை எண்ணிப் புழங்குவார். ஆனால் இன்று யோசிக்கும்போது, அந்தக் காலை நேரத்து நிற்றல் ஒரு தியானமாகவே தெரிகிறது. வாங்கல், விற்றல், வரவு, பற்று என்று நாள் முழுவதும் ஓடப்போகிற ஒரு மனிதர், ஓட்டம் தொடங்கும் முன், ஓடாத ஒன்றின் முன்னால் நின்று தன்னை அளந்துகொள்கிறார்.

கால்வாய்க் கரையில் வளர்ந்த இங்கிலாந்துச் சந்தை ஊர்களைப் பற்றி அங்கே வாழ்ந்தவர்கள் நினைவுகூர்ந்து எழுதியவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிடும். யார்க்‌ஷயர் பகுதியில் ஸ்கிப்டன் என்று ஓர் ஊர். லீட்ஸ் நகரையும் லிவர்பூல் துறைமுகத்தையும் இணைக்க 1770-இல் வெட்டத் தொடங்கி 1816-இல் முடித்த கால்வாய் அதன் வழியாகத்தான் போகிறது. நீளம் 204 கிலோமீட்டருக்கு மேல். கரையோரத்தில் குதிரை நடக்க, அது இழுக்கும் படகில் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் மிதந்து போகும். ரயில் வந்தது, லாரி வந்தது, சரக்குப் படகுகள் நின்றுவிட்டன. இப்போது அந்தத் தண்ணீரில் விடுமுறைக்கு வந்தவர்கள் மெதுவாகப் படகில் போகிறார்கள். வேலை போன பிறகும் தண்ணீர் போகவில்லை. கரையில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறவர்களுக்கு மனம் அடங்குவதும் நிற்கவில்லை.

எங்கள் ஊருக்குச் சரக்கு தண்ணீர் வழியே வரவில்லை. மாட்டு வண்டியில் வந்தது. 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ரயிலில் வந்தது. தெப்பக்குளம் ஒரு மூட்டையைக்கூடச் சுமந்ததில்லை. அதற்கு இட்ட வேலை ஒன்றே ஒன்றுதான்: நிற்பது. விழுகிற மழையை வாங்கி வைத்துக்கொண்டு, நிலத்துக்குள் மெல்ல இறங்கி, யார் வீட்டுக் கிணறு என்று பாராமல் ஊறிக் கொடுப்பது. எதையாவது செய்துகொண்டே இருப்பதுதான் பயன் என்று நினைக்கிற காலம் இது. நிற்பதாலும் ஓர் ஊருக்குப் பயன்பட முடியும் என்பதை நான் அந்தக் குளத்தில்தான் கண்டேன்.

அந்த நிற்றலுக்குப் பின்னால் பெரிய உழைப்பு உண்டு. குளம் தானாக நிறையாது. வெளியே காட்டில் பெய்த மழை வரத்துக்கால் வழியாக ஊருக்குள் வந்தால்தான் குளத்தில் தண்ணீர். அந்த வாய்க்காலில் மண் மேடிட்டாலோ குப்பை அடைத்தாலோ, எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் வேறு திசையில் போய்விடும். அதனால் புரட்டாசியிலேயே வாய்க்காலைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். வானம் வெளுத்துக் கிடக்கும். மேகத்தின் நிழல்கூட இருக்காது. அந்த நாளில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மழைக்கு வழி வெட்டுவது எத்தனை பெரிய நம்பிக்கை! மழை வந்த பிறகு வாய்க்கால் வெட்டுகிறவன் நனைவான், அவ்வளவுதான்.

அருளைப் பற்றி ஆயிரம் நூல்கள் பேசுகின்றன. நான் புரிந்துகொண்டது இந்த வாய்க்கால் அளவுதான். மழையைப் பெய்ய வைக்க நம்மால் ஆகாது. அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதும் நம் கையில் இல்லை. வருகிற நாளில் உள்ளே வர வழி திறந்திருக்கிறதா என்பது மட்டும் நம் பொறுப்பு. தினமும் விளக்கேற்றுவதும், பெயர் சொல்லிக் கும்பிடுவதும், ஒருவர் மேலிருக்கும் மனத்தாங்கலை இரவு தூங்கும் முன் விட்டுவிடுவதும் அந்த வாய்க்காலைத் தூர்வாருகிற வேலைகளே.

இந்த ஊர் தண்ணீரைச் சேர்த்த அதே முறையில்தான் மற்றவற்றையும் சேர்த்தது. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்து, உறவின்முறை என்ற சமூக அமைப்பின் பொதுப் பணத்தில் கோயிலும் பள்ளியும் கிணறும் நடத்தினார்கள். வீடுகளில் பிடி அரிசி. உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து தினமும் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அந்த அரிசியைத் திரட்டி விற்று வந்த பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகும். க்ஷத்ரிய வித்யாசாலா அப்படி வளர்ந்த பள்ளி. ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடந்ததில்லை. ஆனால் ஊர் முழுக்க ஒரு பிடி சேர்ந்தபோது பிள்ளைகளுக்கு எழுத்து கிடைத்தது. என் அப்பத்தா கடைசிக் காலம் வரை அரிசி களையும் முன் ஒரு பிடியை எடுத்து வைப்பார். வாங்கிப் போக ஆள் வருவது நின்றுபோன பிறகும், அதை வாசலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்தார். "கையி பழகிருச்சுய்யா. எடுக்காட்டி சோறு எறங்காது" என்பார்.

கை பழக வேண்டும். ஆன்மிகத்தில் இதைவிடப் பெரிய பயிற்சி எனக்குத் தெரியவில்லை. பெரிய தியாகங்கள் எப்போதோ ஒருமுறை கேட்கப்படும். பிடி அரிசி தினமும் கேட்கப்படும்.

அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர் 1903 ஜூலை 15-இல் இதே ஊரில் பிறந்த காமராசர். ஆறு வயது அளவில் தகப்பனை இழந்தவர். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போனவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது ஊர்தோறும் பள்ளியும் பிள்ளைகளுக்கு மதிய உணவும் கொண்டுவந்தார். ஒரு பிடியால் படித்தவர் மாநிலம் முழுவதற்கும் பிடிச் சோற்றைத் திருப்பிக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றும். அவர் பதவியில் இருந்த காலத்தில் தாயார் சிவகாமி அம்மையார் இருந்த வீட்டுக்கு நகராட்சியார் தனியாகக் குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தார்களாம். செய்தி தெரிந்ததும் அதை எடுக்கச் சொல்லிவிட்டார் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். தெருவில் எல்லோரும் பிடிக்கிற குழாயில் அம்மாவும் பிடிக்கட்டும் என்பது அவர் எண்ணம். பொதுக் குளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தனிக் குழாய் உறுத்தியதில் வியப்பில்லை.

அதே ஊரில்தான் தியாகி சங்கரலிங்கனார் பட்டினி கிடந்தார். சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 ஜூலை 27-இல் உண்ணாநோன்பு தொடங்கினார். இரண்டு மாதங்களுக்கு மேல் தொடர்ந்தது. அம்மன் கோயில் பக்கத்துத் தேசபந்து மைதானத்தில் அந்த முதியவர் நாளுக்கு நாள் மெலிந்தபடி கிடந்தார். அக்டோபர் 13-இல் உயிர் பிரிந்தது. அவர் கேட்ட பெயர் 1969 ஜனவரி 14-இல் நடைமுறைக்கு வந்தது. சுற்றிலும் பருப்பும் எண்ணெயும் மணக்கும் கடைவீதியில், தன் பசியைத் தவிர வேறெதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒருவர் கிடந்தார். அந்த மைதானத்தைக் கடக்கும்போது நடையைத் தளர்த்திக்கொள்ளும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பங்குனியில் மாரியம்மனுக்குப் பொங்கல். நோன்பிருந்து மஞ்சள் உடுத்தியவர்கள் அக்கினிச்சட்டி ஏந்தி வருவார்கள். சட்டியில் கனன்று எரியும் நெருப்பு, கையில் வேப்பிலை. தெருவில் இருக்கிறவர்கள் வீட்டுக்கு வீடு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அவர்கள் நடக்கும் தரையைக் குளிர வைப்பார்கள். முன்பின் தெரியாதவரின் பாதம் சுடாமல் இருக்க, எண்ணிப் புழங்கும் தண்ணீரிலிருந்து ஒரு குடம் எடுத்து ஊற்றுவார் என் அம்மா. நெருப்பைச் சுமப்பவருக்கும் தண்ணீர் ஊற்றுபவருக்கும் ஒரே அம்மன்தான் தெய்வம்.

நெருப்பும் தண்ணீரும் எதிரெதிராக நிற்கிற இன்னொரு இடம், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பின்னால் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பங்கு இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. இந்தத் தொழில் இங்கே வேர்விட்டதற்கு முக்கியக் காரணமே வறட்சிதான். காற்றில் ஈரம் குறைவு, வெயில் நிச்சயம். மருந்தும் திரியும் தாளும் காய்ந்தாக வேண்டும். விவசாயத்துக்கு ஒத்துழைக்காத வானம், இந்தத் தொழிலுக்கு ஒத்துழைத்தது.

சிவகாசிப் பக்கம் வாக்கப்பட்ட என் அத்தை சரவெடி பின்னுகிற வேலைக்குப் போனவர். இரண்டு கைகளின் விரல்களும் கண் பார்க்காமலேயே வேலை செய்யும். இந்தப் பக்கம் ஒரு வெடி, அந்தப் பக்கம் ஒரு வெடி, நடுவில் திரியைச் சேர்த்து ஒரு முறுக்கு; மறுபடி இந்தப் பக்கம். பருத்திச் சேலை மட்டும்தான் உடுத்துவார். நைலான் உரசினால் பொறி கிளம்பும் என்ற பயம். உரசல் கூடாது, அவசரம் கூடாது, கோபம் கூடாது. சாமான்களை இழுக்கக் கூடாது. தூக்கித்தான் வைக்க வேண்டும். துறவிகளுக்குச் சொல்லப்பட்ட ஒழுக்கம்போல இருக்கும், அந்த அறைக்குள் அவர்கள் கடைப்பிடிக்கும் நிதானம். அதுவும் ஒவ்வொரு நாளும் போதுமானதாக இருந்ததில்லை. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வீடுகளில் அழுகுரல் கேட்டிருக்கிறது. தீபாவளி அன்று வெளிச்சத்தைப் பார்க்கும்போது அவர்களை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

அத்தை ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடந்தே போவார். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் மாரியம்மன் இருக்கிறாள். பெரும்பாலும் இரண்டு ஆற்றிலும் மணல்தான். அந்த மணலில் நடந்து போய், நாடு செழிக்க மழை வேண்டும் என்று கும்பிட்டு வருவார். இது எனக்குப் புரியாத காரியமாக இருந்தது. மழை பெய்தால் பட்டாசு காயாது; இடி மின்னல் வந்தால் அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும்; வேலை இல்லை, கூலி இல்லை.

"மழை வேணும்னு கும்பிடுறீங்களே அத்தை, பெஞ்சா உங்களுக்கு வேலை இருக்காதே?" என்று கேட்டேன்.

"வேலை இன்னைக்கி இல்லைன்னா நாளைக்கிப் பாத்துக்கிடலாம் மருமகனே. தண்ணி இல்லைன்னா யாருக்கு இருக்கு நாளைக்கி?"

நம்முடைய வேண்டுதல்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவை நம் கூலிக்கான வேண்டுதல்களாகவே இருக்கும். தன் கூலிக்கு எதிராக, எல்லோருடைய தண்ணீருக்காக வேண்டிக்கொள்ள ஒரு மனம் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் எங்கள் மாவட்டம்தான். அங்கே வளர்ந்த ஆண்டாள், கண்ணனைத் தேடிப் புறப்பட்ட திருப்பாவையில் நாலாவது பாசுரத்திலேயே மழைக்காக நின்றுவிடுகிறாள். கடலில் புகுந்து முகந்துகொண்டு, கறுத்து, மின்னி, இடித்து, உலகம் வாழப் பெய் என்கிறாள். தன் விரதம் பலிக்க வேண்டும் என்ற ஆசைக்கு நடுவிலும் உலகம் நனைய வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் பக்தி. பட்டாசு அறையிலிருந்து இருக்கன்குடிக்கு நடந்த என் அத்தைக்கும் அதே பக்தி இருந்தது.

இதே மாவட்டத்துத் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-இல் ரமண மகரிஷி பிறந்தார். பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தவர், 1950 ஏப்ரல் 14-இல் உடலை விடும் வரை அந்த மலையை விட்டு வேறெங்கும் போகவில்லை. ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடம். ஊர் ஊராகப் போய்ப் பேசவில்லை. பல நேரம் வந்தவர்களிடமும் பேசவில்லை. ஆனாலும் தாகம் எடுத்தவர்கள் கடல் கடந்து வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார்கள். எழுந்து போகும்போது நிறைந்து போனார்கள். வெயில் காயும் இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, நிற்பதன் பயனை உலகத்துக்குக் காட்டியது எனக்கு மிகுந்த ஆறுதல் தருகிறது.

நம் எல்லோருடைய வாழ்க்கையும் ஏதோ ஒரு கடைவீதிதான். வருகிறது, போகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த வரவில்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. ஆனால் நடுவில் ஓர் இடத்தை, விலை பேசாமல், ஒதுக்கி வைக்க வேண்டும். அங்கே நாள் ஒன்றுக்குக் கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும். அந்த இடம் நமக்கு மட்டும் என்று பூட்டி வைத்ததாக இருந்தால் சீக்கிரம் வற்றிவிடும். பிடி அரிசியாக, ஒரு குடம் தண்ணீராக, ஒரு நல்ல சொல்லாக அது பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் ஊறினால்தான் நம்மிடமும் நிற்கும்.

வாசிக்கிற உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த புரட்டாசியில் ஒருநாள் உங்கள் ஊர்க் குளத்தின் வரத்துக்காலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பாருங்கள். அடைத்திருந்தால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அள்ளிப் போடுங்கள். வீட்டுக்கு வந்து அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்து வையுங்கள். இரண்டும் வழிபாடுதான், இரண்டையும் இந்த ஆண்டே தொடங்கலாம்.